பெருக்கல் குறி போட்ட கதவுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வகுப்பில் பிள்ளைகளுக்கு அது தெரியும், வீட்டுக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் நான் ஜாஸ்தியாகக் கோபப்பட்டது என் மேலேயேதான். அதற்குக் காரணம் ஒரு மீன்காரம்மா.

நகரத் திட்டமிடல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஊர் வளரும்போது ஏழைபாழைகளை ஓரங்கட்டக் கூடாது என்று இருபது வருஷமாகப் பேசி, எழுதி, கைதட்டலும் வாங்கியவள். கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் ஒரு தெரு. மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். தெருவை மேடாக்கி அங்கேயே புது வீடு கட்டித் தருவதாகத் திட்டம். அங்கே குடியிருப்பது யார் யார் என்ற பட்டியலை நானும் என் மாணவர்களும் எடுத்துத் தர வேண்டும். பட்டியலில் பேர் இருந்தால் வீடு. இல்லையென்றால் தெருவை விட்டே போக வேண்டியதுதான்.

சிதம்பரத்தில் பஸ் ஏறிப் பத்தரைக்குப் போய் இறங்குவோம். கதவுக்குக் கதவு பெயிண்டால் நம்பர் போடுவோம். மூன்று வாட்டி போயும் பூட்டியிருந்தால் பெருக்கல் குறி. குடியிருப்போர் இல்லை என்று அர்த்தம். அக்கம்பக்கத்தார் சொல்வதை எழுதக் கூடாது, ஆள் நேரில் நிற்க வேண்டும். பொய்ப் பேர் நுழையக் கூடாது என்று கையேட்டில் நானே எழுதிவைத்த விதி அது. தெருவில் பாதிக் கதவுக்குப் பெருக்கல் விழுந்தது. வேறு ஊருக்குப் பிழைக்கப் போயிருப்பார்கள் என்று நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒருத்தியே ரெண்டையும் செய்தேன்.

மீன்காரம்மா சிதம்பரத்தில் என் வாசலுக்குத் தினமும் எட்டரைக்கு வருவார். ஆறு வருஷப் பழக்கம். "இது வேணாம் டீச்சரம்மா, நேத்து மீனு" என்று விற்கிற பொருளை அவரே தள்ளிவைத்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு மனுஷி. ஆனால் அவர் வீடு எங்கே என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பட்டியல் கொடுக்க ரெண்டு நாள் இருந்தபோது, மீனை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சரம்மா, எங்க தெருவுல காலேஜு ஆளுங்க வந்து கதவுல நம்பர் போட்டிருக்காங்க. எங்க வூடு மாதிரி பாதி வூட்டுக் கதவுல பெருக்கல் போட்டிருக்கு. அது என்னா?"

"எந்தத் தெரு அக்கா?"

சொன்னார். நாங்கள் நம்பர் போட்ட அதே உப்பனாற்றங்கரைத் தெரு. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த அற்பத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"அந்தக் குறியைப் போடச் சொன்னது நான்தான்க்கா. வீட்டுல ஆள் இல்லைன்னு அர்த்தம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "விடியகாலம் ஏலம் எடுத்துக்கினு, மொத வண்டி ஏறி நான் உங்க ஊருக்கு வந்து கூவிக்கினு கெடக்கேன். நீங்க எங்க ஊருக்குப் போயி ஆள் இல்லன்னு எழுதறீங்க. நல்லா இருக்கு உங்க படிப்பு!"

அவர் அழவுமில்லை, சாபம் விடவுமில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார். "ஒரு மணி வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நோட்ட எடுத்துக்கினு வாங்க."

போனேன். வண்டியின் கடைசிப் பெட்டியில் காலிக் கூடைகளுக்கு நடுவே, நான் ஆள் இல்லை என்று எழுதிய பாதித் தெருவும் உட்கார்ந்திருந்தது. அவர் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு என் முன்னால் உட்கார வைத்தார். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருஷம், எந்த அட்டை இருக்கிறது, எது வெள்ளத்தில் போனது என்று அவரே கேட்டார், நான் எழுதினேன். முதுநகர் வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு பூட்டாகத் திறக்க வைத்து, அடுப்பையும் துணிக்கொடியையும் காட்டினார். நான் மாசக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் கள ஆய்வை அந்த அம்மா ஒரு மத்தியானத்தில் செய்து காட்டினார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அவர் வீட்டுக்கு அடுத்த வீடும் பூட்டியிருந்தது.

"இது யார் வீடுக்கா?"

"என் தங்கச்சிது. பாண்டிச்சேரிக்கே குடி போயி மூணு வருஷமாச்சு."

"எழுதிக்கட்டுமா?"

சுருக்கென்று திரும்பினார். "எதுக்கு? அது மெய்யாவே ஆள் இல்லாத வூடு. பெருக்கல் அப்படியே இருக்கட்டும். ஒரு கெட்ட மீனு போதும், கூடையே நாறிப்பூடும்."

பட்டியலைக் கொடுத்த அன்று, தெருக்காரர்களும் வந்திருந்த கூட்டத்தில் வீட்டுத் திட்ட அதிகாரி முகம் சுளித்தார். "கடைசி நேரத்துல இத்தனை பேர்னா எப்படி மேடம் நம்புறது?" நான் எழுந்து, தப்பு என்னுடையது, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனது நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதிகாரி அசையவில்லை. அப்போது மீன்காரம்மா எழுந்தார்.

"சார், என் கூடப்பொறந்த தங்கச்சி வூட்டுல பெருக்கல் அப்படியே இருக்கு. போயிப் பாருங்க."

மறுநாள் போய்ப் பார்த்தார்கள். பட்டியல் மாறியது. தங்கச்சி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டதாக வேறொருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு கருத்தரங்குக்காகச் சென்னையில் மூன்று நாள் தங்கவேண்டி வந்தது. வீட்டுக்காரரும் கூட வந்தார். திரும்பிய மறுநாள் எட்டரைக்கு வாசலில் கூடை இறங்கியது.

"மூணு நாளும் வந்தேன் டீச்சரம்மா. மூணு வாட்டியும் பூட்டு." என் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பெருக்கல் போட்டுட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் பக்கத்து வூட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கினேன்."