கதவுக்கு வெளியே இருந்த மைக்

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிரியக்க மெஷினை இயக்கும் வேலை எனக்கு. வாசலில் தூங்குமூஞ்சி மர நிழல், வேலை முடிந்ததும் தோழிகளோடு பஸ் ஸ்டாப் வரை நடை. இன்றும் ஏங்க வைக்கிற நாட்கள்.

சிகிச்சை முடிந்தவர்களிடம் கருத்துப் படிவம் நிரப்புவதும் நான்தான். நானே கேட்பேன், நானே டிக் அடிப்பேன். எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

சிந்தாதிரிப்பேட்டை கன்னியம்மாவும் கடைசி நாளில் அதையேதான் சொன்னார். நான் டிக் அடித்ததும் சிரித்துவிட்டார்.

“மெஷின் போடறதே நீதான். உங்கிட்டயே கொறை சொல்ல முடியுமா கண்ணு?”

“பரவாயில்ல, சொல்லுங்கம்மா.”

“கதவ சாத்திக்கினு எல்லாரும் பூடறீங்க. உள்ள நான் ஒண்டியா கீறேன். மறந்துட்டு பூட்டாங்களோன்னு தெனம் பயந்துக்கினே கெடந்தேன்.”

நான் எங்கும் போகவில்லை. கதிர் பாயும்போது உள்ளே நோயாளி மட்டுமே இருக்கலாம் என்பதால், வெளியே டிவி திரையில் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேஜையில் உள்ளே இருப்பவரோடு பேச மைக்கும் இருந்தது. ‘அசையாதீங்க’ என்று அதட்ட மட்டுமே அதைத் தொட்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் மைக்கில் சொன்னேன்: “இங்கதான் இருக்கேன். உங்களைப் பார்த்துட்டே இருக்கேன். இன்னும் ஒரு நிமிஷம்தான்.”

ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை. சொல்லிக்கொடுத்த கன்னியம்மாதான் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.