செய்யாத உதவிக்கு முதலே நன்றி சொன்ன எம்.பி.

தியாகமணி அங்கிள் போய்விட்டார். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்... கையில் இருந்த தேத்தண்ணி அப்படியே ஆறிப் போச்சு.

இளசுகளுக்கு அவரைத் தெரியாது. யுத்த காலத்தில் அரசாங்கப் பக்கத்துப் பின்வரிசையில் இருந்த தமிழ் எம்.பி. மாதாமாதம் அவசரகாலச் சட்டத்தை நீடிக்கும்போது எழும்பி ஆதரித்துப் பேசுவார், பிறகு கையையும் தூக்குவார்.

வெள்ளவத்தை மார்க்கெட்டில் அவருக்கு வைத்த பெயர் 'தலையாட்டி'. அந்தத் தலையாட்டியின் ஒஃபிஸில்தான் நான் டைப்பிஸ்ட். மீன் வாங்கப் போனால் எனக்கும் சேர்த்துத்தான் நக்கல் விழும்.

அவரிடம் ஒரு பழக்கம். ஒஃபிஸுக்குள் காலை வைக்கும்போதே "தேத்தண்ணிக்குத் தேங்க்ஸ் பிள்ளை" என்பார்.

அடுப்பில் கேத்தலே வைத்திருக்க மாட்டேன்! தேங்க்ஸ் சொன்ன மனுசனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது... முணுமுணுத்துக்கொண்டே போய் ஊற்றுவேன்.

கழிவுத்தண்ணி ஓடுற கானைத் துப்புரவாக்காத மாநகர சபை இஞ்சினியருக்கும் இதே வைத்தியம்தான். கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் "கானைத் துப்புரவாக்கித் தந்த ஐயாவுக்கு நன்றி" என்பார். அந்த மனுசன் முழிப்பார். அந்தக் கிழமையே கான் ஓடும்.

சிரிப்புத்தான். ஆனால் அந்தப் பழக்கம் ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் அண்ணா வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் ஒற்றை அறை வீட்டில் இடம் காணாமல், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நின்றான். பொலிஸ் சுற்றிவளைப்பில் அங்கே நின்ற பெடியள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணாவும் அதற்குள். அம்மா சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் போய் நிற்பா, பார்சலோடேயே திரும்பி வருவா.

அதே கிழமைதான் அங்கிளின் அவசரகாலப் பேச்சை டைப் அடிக்க வேண்டி வந்தது. முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது.

"அங்கிள், இதை என்னாலை அடிக்க ஏலாது. இந்தச் சட்டத்திலைதான் என்ர அண்ணாவைப் பிடிச்சு வச்சிருக்கினம். நீங்கள் அதுக்குக் கை தூக்கப் போறீங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபிக்கவில்லை.

"கடைசியிலை ஒரு வரி சேர் பிள்ளை. வெள்ளவத்தையில் தடுத்து வைக்கப்பட்டிருந்த இளைஞர்களை விசாரித்து வீடுகளுக்கு அனுப்பிய மாண்புமிகு அமைச்சருக்கு என் மக்களின் நன்றி..."

"இன்னும் விடேல்லையே அங்கிள்!"

"அதுக்குத்தானே நன்றி சொல்லப் போறன்."

அடுத்த நாள் எனக்கும் பாஸ் எடுத்துத் தந்து பாராளுமன்றத்துப் பார்வையாளர் கலரியில் இருத்திவிட்டார். பின்வரிசைக்காரருக்கு நேரம் கிடைப்பது சாப்பாட்டு நேரத்தில்தான்... பாதிக் கதிரை காலி. நல்ல காலத்துக்கு அமைச்சர் இருந்தார், பேப்பர் புரட்டிக்கொண்டு.

அங்கிள் வழக்கம்போல ஆதரித்துப் பேசினார். கடைசியில் அமைச்சர் பக்கம் திரும்பிக் குனிந்து அந்த நன்றியைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் "கவதா? கவதா?" என்று சிங்களத்தில் கத்தினார், எப்ப விட்டது, எப்ப விட்டது என்று.

அங்கிள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு தரம் குனிந்து, சிங்களத்திலும் நன்றி சொன்னார். ஆளும் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் விஷயம் தெரியாமலே மேசையில் தட்டினார்கள்.

அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இருந்த அதிகாரியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அந்த ஆள் எழும்பி வெளியே போனார்.

திரும்பி வரும்போது காரில் அங்கிள் சொன்னார்: "இனி அது சபைப் பதிவிலை, ஹன்சாட்டிலை ஏறியாச்சு. விடாட்டி வெட்கம் எனக்கில்லை, அவருக்கு. எதிர்த்துக் கதைச்சிருந்தா பேப்பரிலை என்ர படம் வந்திருக்கும் பிள்ளை. எனக்குப் பெடியள் வீட்டை வரவேணும்."

அடுத்த நாள் பின்னேரம் அண்ணா வந்தான். காலில் செருப்பில்லை, ஷேர்ட்டில் பாதிப் பொத்தான் இல்லை. வந்ததும் கேட்டது "என்ன கறி?" அம்மா அழுதுகொண்டே சோறு போட்டா. லொட்ஜில் பிடித்த மற்றப் பெடியளும் அன்றைக்கே வெளியில்.

எல்லா நன்றியும் பலிக்கவில்லை. ஒஃபிஸ் வாங்குப் பலகையில் வந்து இருந்துவிட்டு வெறுங்கையோடு போன அம்மாமாரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் கை தூக்கியது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவரோடு சண்டையும் பிடித்திருக்கிறேன்... கத்தி முடிந்ததும் "தேத்தண்ணிக்குத் தேங்க்ஸ் பிள்ளை" என்பார். என்ன மனுசன்!

பிறகு எலெக்‌ஷனில் தோற்றார். வீட்டுக்கு ஆட்கள் வருவதும் நின்றுபோனது.

காலையில் மகள் அழுததைவிட அவள் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது. "அக்கா, செத்த வீட்டுக்குக் கதிரை எடுக்கவேணும். சித்தப்பா கொஞ்சம் எடுத்தாலே காணுமாம், வரப் போறது ஆரெண்டு கேக்கிறார். ஆக்கள் வருவினமே அக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் "கடையிலை இருக்கிற அவ்வளவையும் எடு" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாவுக்குச் சொன்னேன். அவன் வெளிநாடு போகவே இல்லை, மருதானையில் கடை வைத்திருக்கிறான். உடனே ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது அங்கே லொறியிலிருந்து கதிரை இறக்கிக்கொண்டிருப்பது அவன்தான்.

இறுதிக் கிரியை நாளைக்குக் காலை, கொட்டாஞ்சேனை வீட்டில்.

போயிட்டு வாங்கோ அங்கிள். நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்களோ, அதையே நானும் செய்துவிடுகிறேன்...

வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து வந்து, அந்தக் கதிரைகளை எல்லாம் நிறைத்த உங்கள் எல்லாருக்கும் நன்றி.