மிளகாய் நுழையாத வீடு

“பெல்ட்டைத் தளர்த்துங்கப்பா. வயிறு அமுங்கினா எல்லாம் மேல ஏறும்னு எத்தனை தடவை சொல்றது?” சொல்லிவிட்டுக் காத்திருப்பதில்லை ஒஃபிலியா. தானே கையை விட்டுத் தளர்த்திவிடுகிறாள். வெயில்கூட இறங்கவில்லை, அதற்குள் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு முடிகிறது. வேகவைத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, தட்டு முழுக்க வெள்ளை. “இதைத் தின்னா சாகமாட்டேன், சரி. உயிரோட இருக்கேனான்னுதான் தெரியல” என்கிறார் எவுசேபியோ. எண்பதைத் தாண்டிய மனிதர், பெலேன் என்கிற சிற்றூரின் ரயில் யார்டில் உழைத்து ஓய்ந்தவர்.

சாப்பிட்ட கையோடு படுக்க விடமாட்டாள். அவர் நாற்காலியில் தலை தொங்கினால், “அப்பா! கண்ணைத் திறங்க!” என்று ஒரு சத்தம். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள்; ஒரு பஸ் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தபடியே அதட்டி அடக்குகிற குரல் அது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை அறுத்து முட்டுக் கொடுத்திருப்பதும் அவள்தான். விடிவதற்குள் அவர் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுவார். அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பாள். அவள் இடுப்பு போய்விட்டது. அதை யார் விசாரித்தார்கள்?

புளித்த ஏப்பமும் எதுக்களிப்பும் எல்லா வீட்டுக் கிழவர்களுக்கும் உள்ளதுதானே என்று முதலில் அவளும் நினைத்தாள். அல்புகர்க்கி நகரத்து டாக்டர்தான் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்: அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாய் தழும்பு கட்டிச் சுருங்குகிறது. ஒருமுறை விரித்துவிட்டாயிற்று. இப்படியே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாயில்தான் ஆகாரம், வாய்க்கு ஒரு கவளம் கிடையாது. ஒஃபிலியா அன்றே சமையலறையிலிருந்த மிளகாயை எல்லாம் வெளியேற்றினாள். எவுசேபியோ அதை மகளின் சதி என்றே எடுத்துக்கொண்டார்.

பெலேனில் மிளகாய் இல்லாத வீடு துக்க வீடு மாதிரி. செப்டம்பர் பிறந்தால் தெருமுனைக்குத் தெருமுனை இரும்பு உருளையில் பச்சை மிளகாயைப் போட்டுச் சுழற்றிச் சுடுவார்கள். இவள் ஜன்னல்களைச் சாத்துவாள். அவர் எதிரில் தின்ன மனம் வராமல் தானும் விட்டுவிட்டாள். பொறுமையாக ஒன்றும் விடவில்லை, திட்டிக்கொண்டேதான் விட்டாள். “ஆஸ்பத்திரிச் சோறு போட்டே பெரியவரை உருக்கிட்டாளே” என்று மாதா கோயில் வாசலில் பேச்சு. பக்கத்து வீட்டு தஃபோயா அம்மாள் மிளகாய்க் குழம்பைக் காப்பி பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவருக்குக் காப்பியும் ஆகாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. வாசலிலேயே அகப்பட்டாள்.

தம்பி டெல்ஃபினோவை அப்படிப் பிடிக்க முடியாது. டென்வரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி. இந்த முறை சுட்ட மிளகாயை ஒரு மூட்டை தோளில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மிளகாய் தின்னு நம்ம வம்சத்துல எவன் செத்தான் அக்கா? வயித்தைக் கழுவி விட்டுடும்.”

“நீ ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவடா. கழுவறது நான்.”

சனிக்கிழமை கால்பந்தாட்டப் பையன்களை வெளியூருக்கு ஏற்றிப்போய்விட்டு அவள் திரும்பியபோது மேசையில் மிளகாய்க் குழம்பு குடித்த இரண்டு காலிக் கிண்ணங்கள். அப்பாவும் மகனும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தன்னோடு அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! குழம்பைவிட அதுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் காலை அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் திணறினார். ஆஸ்பத்திரியில் மறுபடி விரித்தார்கள். இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்றார்கள். நர்ஸ் அவரிடம், வீட்டில் யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டாள். “என் பையன் வந்திருக்கான்” என்றார் எவுசேபியோ, பெருமையாக. வராந்தாவில் டெல்ஃபினோ, “ஒரே ஒரு கிண்ணம்தானே அக்கா? முன்னாடியே நீ சரியாப் பார்க்கலையோ என்னமோ” என்றான். சொல்லிவிட்டு டென்வருக்குக் கிளம்பினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பிய அவர் முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளை சூப், நனைத்துத் தின்ன மெத்தென்று ஒரு ரொட்டி. தொடவில்லை. “டெல்ஃபினோ திரும்ப எப்ப வரான்?” என்று கேட்டார்.

ஒஃபிலியா எழுந்து உள்ளே போனாள். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த மூட்டையை எடுத்து வந்து அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மிளகாயை எடுத்துக் கருகிய தோலை உரித்தாள். முழுசாக வாயில் போட்டு மென்றாள். அடுத்து இன்னொன்று. “பாருங்க, நல்லாப் பாருங்க” என்றாள். அவருக்கு எரிய வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகின, துடைக்கவில்லை. வசவுக்காகக் காத்திருந்தாள்.

எவுசேபியோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மிளகாய்க்கு அவள் கை போனது.

“மிளகாயை வெறுமனே தின்னாத மகளே. நெஞ்சு எரியும்” என்று தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினார்.