பீட்ரூட் நிறத்தில் ஒரு கதவு

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மேஜைக்குப் பின்னால் நின்று நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். எல்லோரும் கலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும்.

திரைச்சீலைத் துண்டு, பழைய ஜன்னலின் செதில், உடைந்த கோப்பை என்று எதைக் கொண்டுபோய் நீட்டி "இதே கலர் வேணும்" என்றாலும் கலக்கித் தந்துவிடுவார். ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள், ஒரு கிண்டு. பிறகு வெள்ளை அட்டையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். தொழிலில் அவர் வேதவாக்காக வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். ஈரப் பெயிண்ட் காய்ந்தால் ஒரு ஷேடு ஏறி அடர்த்தியாகும். ஆகவே வேண்டிய நிறத்துக்கு ஒரு ஷேடு முன்னாலேயே கையை நிறுத்திவிட வேண்டும். அந்த வேதம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்திருக்காது.

அவருடைய மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகளுக்கும் வாத்தியார்களுக்கும் அவர் டிரைவரம்மா. ஒடுக்கமான சந்துக்குள் அந்த நீள வண்டியை அவர் பின்னால் எடுப்பதைப் பார்க்கக் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு வெளியே வருவார்கள். ஸ்டீயரிங் கையில் இருந்தால் அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். காய்கறி நிச்சயமாக வேண்டாம். "பச்சைன்னா எனக்கு சிக்னல்ல மட்டும்தான் பிடிக்கும்" என்பார். உருளைக்கிழங்கைத் தவிர வேறு எந்தக் காயாவது அந்த வீட்டுக்குள் வந்தால், விலாசம் தப்பி வந்தது என்று அர்த்தம்.

டிரைவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் இந்த வருஷம் டிரைவரம்மாவுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"உப்பு போட்ட வறுவல் பாக்கெட் எல்லாம் இன்னையோட நிறுத்துங்க. தட்டுல பாதி காய்கறி இருக்கணும். லீவு விடறதுக்கு முன்னாடி மறுபடி பார்ப்பேன். இறங்கலைன்னா வண்டி கிடையாது. ஆபீஸ்ல உக்காந்து சாவி எடுத்துக் குடுக்கற வேலைதான்."

சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை! அடுத்தவர் ஓட்டிக்கொண்டு போகிற வண்டிக்குச் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, அது வாசல் தாண்டிப் போவதை நாற்காலியிலிருந்து பார்ப்பது. டிரைவரம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதார். கல்யாணமானதிலிருந்து மனைவி அழுது பார்த்திராத கலர்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அழாதம்மா. நான்தான் உனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடறேனே. இனிமே காய் என் பொறுப்பு" என்றார்.

அதுவரை அவர் அடுப்பில் செய்த ஒரே பதார்த்தம் வெந்நீர். அதிலும் ஒருமுறை பாத்திரம் தீய்ந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து சுவருக்கு நிறம் கேட்டு வந்தவர்களிடம் இவர் காய்க்கு யோசனை கேட்டார். கேட்டதுதான் தாமதம், அவரவர் அள்ளிக் கொட்டினார்கள். படுக்கையறைக்கு நீலம் வாங்க வந்த டீச்சர், முட்டைக்கோஸை மெல்லிசாக அரிந்து மிளகும் எலுமிச்சையும் சேர்க்கச் சொன்னார். கேட்டுக்குக் கறுப்பு வாங்க வந்த வெல்டர், "பூசணிக்காயைத் தோலோட பட்டை பட்டையா நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு, ஓரம் முறுகற வரைக்கும் வாட்டுங்க" என்றார். பீன்ஸுக்கு வறுத்த வேர்க்கடலை, காரட்டுக்கு எள்ளு, பீட்ரூட்டைத் துருவி வேகவைத்துத் தயிரில் கலப்பது என்று நாலு பக்கத்திலிருந்தும் சரக்கு வந்து சேர்ந்தது. முதலாளி மட்டும், "இங்க பெயிண்ட்டும் விக்கிறோம்னு சொல்லிடுங்க" என்றார்.

யோசனைகள் அத்தனையும் நல்ல யோசனைகள். சமைத்தவருக்குத்தான் நாக்கைவிடக் கண் பெரிதாக இருந்தது. காரட் வாணலியில் இருக்கும்போதே ஒரு துண்டை வெள்ளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு ஷேடுதான் பாக்கி" என்று முணுமுணுத்துக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைப்பார். காரட்டுக்குப் பக்கத்தில் பீட்ரூட்டை வைத்தால் கண்ணை உறுத்துகிறது என்று நடுவில் முட்டைக்கோஸைக் காவலுக்கு வைப்பார். சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக்கு வாசல் அலங்காரம் செய்ததுபோல இருக்கும்.

வாயில் வைத்தால்தான் தெரியும் சேதி.

முதல் பலி மாமனார். டிரைவரம்மாவின் அப்பா, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இவர்களோடுதான் இருக்கிறார். பூசணிப் பட்டை ஒன்றை வாயில் போட்டார், ஒரு பக்கம் ஒதுக்கினார், மறுபக்கம் ஒதுக்கினார், கடைசியில் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு எழுந்தார்.

"மாப்ள, இந்த வழக்கை வேற கோர்ட்டுக்கு மாத்திடறேன்."

"என்ன மாமா, பிடிக்கலையா?"

"பிடிச்சது. விட மாட்டேங்குது."

காலேஜில் படிக்கும் மகள், தினமும் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் போட்டோ எடுத்தாள். போட்டோ எடுத்த கையோடு, "பசிக்கலைப்பா" என்று போய்விடுவாள்.

டிரைவரம்மா மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்து மெதுவாக மெல்வார். "நல்லாத்தான் இருக்குங்க. இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு. ஒரு டப்பால போட்டு வைங்க, நாளைக்கு மத்தியானம் வண்டியில நிதானமா சாப்பிடறேன்" என்பார். டப்பா காலையில் நிறைந்து போகும். சாயங்காலம் துடைத்து வைத்ததுபோல வரும். கலர்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல மிச்சம்கிற பேச்சுக்கே இடமில்லை" என்று பீற்றிக்கொண்டார். மாமனாரின் பல்செட் டம்ளரில் கிடப்பதை வயதின் கோளாறு என்று தள்ளிவிட்டார்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தது. நேராக அவருடைய மேஜைக்கே வந்தது.

டிரைவரம்மாவின் பஸ்ஸில் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்க ஓர் அக்கா உண்டு. நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் கதவக்கா. கலர்காரரை அந்த அக்கா தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. முகம் மனசில் பதியவில்லை, அவர் எந்தக் கடையில் வேலை செய்கிறார் என்றும் தெரியாது. ஒருநாள் கடைக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடியின் உள்பக்கம் ஒரு பொட்டு, இளஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, எங்க வீட்டுச் சமையக்கட்டுக் கதவுக்கு இந்தக் கலர் வேணும். அச்சு அசலா இதேதான்."

கலர்காரர் மூடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை. தயிரில் கலந்த பீட்ரூட். முந்தாநாள் அவர் கையால் கலந்தது. மூடியும் அவர் வீட்டு மூடி.

"இது... எங்க கிடைச்சுது?"

"எங்க டிரைவரம்மா வீட்டுக்காரர் செஞ்சது அண்ணே. தினமும் ஒரு காய் குடுத்து விடறார் பாவம். அந்த அம்மாவால மெல்ல முடியலை, எங்கிட்ட குடுத்துடுவாங்க. எனக்குப் பல்லு கெட்டி. கடக்கு முடக்குன்னு நல்லாவே இருக்கும்."

"அப்ப அந்த அம்மா என்ன சாப்பிடறாங்க?"

"வறுவல் பாக்கெட்தான்."

தான்தான் அந்த வீட்டுக்காரர் என்று காட்டிக்கொள்ளாமல் கலர்காரர் டின்னை எடுத்தார். ஒரு சொட்டு சிவப்பு, அதில் பாதி நீலம், வெள்ளையில் விட்டுக் கிண்டினார். அட்டையில் பொட்டு வைத்தார். கை அதுபாட்டுக்கு ஒரு ஷேடு முன்னாலேயே நின்றது. கதவக்கா மூடியை மேஜையிலேயே விட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனபிறகு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் கோபம் கொப்பளித்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. மறு பரிசோதனைக்கு அதிக நாளில்லை. சாவிப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்து வந்து போனது.

டிரைவரம்மா வந்ததும் வராததுமாகக் கலர்காரர் மூடியை எடுத்து நீட்டினார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். நீ பீட்ரூட்டை பஸ்ஸுக்குள்ளயே மறைச்சிருக்க."

டிரைவரம்மா மூடியைப் பார்த்தார். பொய் சொல்லும் உத்தேசம் முகத்தில் வந்து, நிலைக்காமல் போய்விட்டது.

"தாடை வலிக்குதுங்க. எல்லாமே அரை வேக்காடு."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? வண்டி போயிடும்னு நீதானே அழுத?"

"எப்படிச் சொல்றது? வேலை முடிஞ்சு வந்து, சட்டைகூட மாத்தாம, தட்டை ஜன்னல்ல தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. எனக்கு மனசு வரலை."

அதற்குமேல் கலர்காரரால் கோபத்தைக் கட்டிக் காக்க முடியவில்லை. கோபத்திலும் வழக்கம்போல அவர் அடுப்பில் ஏற்றியிருந்த காரட் பாதியில் நின்றிருந்தது. மகள் போய் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இன்னும் வேகவே இல்லையே. அடுப்பை ஏன் அணைச்சீங்க?"

"சரியாத்தானே அணைச்சேன்? ஆறினா ஒரு ஷேடு ஏறும்ல?"

மாமனார்தான் டம்ளரிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்.

"மாப்ள, அது பெயிண்ட்."

முதலில் சிரித்தது மகள். பிறகு டிரைவரம்மா சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கலர்காரர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பெயிண்ட் ஏறும், காய் ஏறாது! இத்தனை நாளும் வீட்டாருக்கு ஈரச் சுவரைச் சாப்பிடக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்குச் சாவகாசமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்புப் பக்கம் வந்தார்.

"நீங்க பாத்தது போதும். கண்ணை மூடிக்கிட்டுக் கிண்டுங்க. நான் சொல்றப்பதான் நிறுத்தணும்."

கலர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து ஊதி வாயில் போட்டுப் பார்த்தபடி, வண்டியைப் பின்னால் எடுக்க வழிகாட்டுவதுபோலக் குரல் கொடுத்தார்.

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... கொஞ்சம் ஒடிச்சு... வரலாம்... ஹோல்டான்!"

அடுப்பு அணைந்தது. நிறம் அவர் கணக்குக்கு இரண்டு ஷேடு கூடுதல். ஓரம் கருத்து, எள் ஒட்டிக்கொண்டு, பார்க்க ஒரு அழகும் இல்லை. டிரைவரம்மா இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். "ஏங்க, இது இனிக்குதுங்க" என்றார், யாரோ தன்னிடமிருந்து இத்தனை வருஷமாக ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டதுபோல.

அன்றிலிருந்து சாயங்காலம் அந்த வீட்டில் "வரலாம், வரலாம்" சத்தம் தெருவரை கேட்டது. பீன்ஸில் வேர்க்கடலை முறுகும்வரை வரலாம். முட்டைக்கோஸுக்குச் சீக்கிரம் ஹோல்டான். பூண்டு தட்டிப்போட்ட பூசணிப் பட்டைக்கு மகளும் தாத்தாவும் சண்டையே போட்டார்கள். ஓரத்துப் பட்டை யாருக்கு என்று தாத்தா தடை உத்தரவு வாங்குமளவுக்குப் போனது. அப்படியும் கலர்காரருக்கு உள்ளூர ஓர் உறுத்தல் இருந்தது. மத்தியான டப்பா என்ன ஆகிறது? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா?

பரிசோதனை நாள் வந்தது. அன்று கலர்காரர் கலக்கிய முதல் பச்சை தப்பியது. இரண்டாவதும் தப்பியது. முதலாளி டின்னை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க சும்மா உக்காருங்க, அதுவே லாபம்" என்றார்.

மதியம் தாண்டியதும் கடை வாசலில் ஒரு ஹாரன், நீளமாக. கலர்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மஞ்சள் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் டிரைவரம்மா. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் தட்டிக் காட்டினார், நம்முடையதுதான் என்பதுபோல.

பஸ் கதவு திறந்தது. கதவக்கா தடதடவென்று இறங்கி வந்தார். முகத்தில் ஏகக் கடுப்பு.

"அண்ணே, நீங்கதான் அந்த வீட்டுக்காரர்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? சரி, அது போகட்டும். கதவு பிரமாதம். ஜன்னலுக்கு உங்க பூசணிக்காய் கலர் அடிக்கலாம்னு இருக்கேன்."

"அடிக்கலாமே! சாம்பிள் கொண்டாந்தீங்களா?"

கதவக்கா டிரைவரம்மாவின் மத்தியான டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். டப்பாவிலும் ஒன்றுமில்லை, மூடியிலும் ஒன்றுமில்லை.

"எங்கேர்ந்து கொண்டாறது? இப்பல்லாம் ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்க மாட்டேங்கறாங்க உங்க வீட்டம்மா!"