கங்கையம்மாளுக்கு இரண்டு நம்பர்

கங்கையம்மாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று கடப்பேரியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் பார்த்தது வேறு யாரையாவதாக இருக்கும். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிறவள் அவள். கை சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கும். என்னமோ ஒன்று கைநழுவிப் போகப்போகிறது என்று தோன்றும். புருஷன் துளசிங்கம் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்த நாளிலிருந்து இந்தப் பதற்றம்.

விடிந்ததும் ரயிலேறிக் குரோம்பேட்டைக்குப் போவாள். அங்கே ஒரு செருப்புக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. மத்தியானம் அது முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். சானடோரியத்தில் இறங்கினால் அதே முதலாளியின் இன்னொரு ஃபேக்டரி. அங்கே கேன்டீனில் சமையல். இரண்டு வேலையும் இருந்தால்தான் வீட்டில் அடுப்பும் எரியும், துளசிங்கத்துக்கு மருந்தும் வரும். ஒன்று போனால் மற்றது மட்டும் போதாது. இரண்டு இடத்து மேஸ்திரிகளுக்கும் இது தெரியும். ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை, தொண்ணூற்று நாலில் கம்ப்யூட்டர் வந்து உட்காரும் வரைக்கும்.

வந்தது ஐயா, வந்தது! குரோம்பேட்டை ஆபீசில் அதற்கென்று தனியாக ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். செருப்பைக் கழற்றுகிற மரியாதை சாமிக்கும் உண்டு, ஏ.சி. சாமிக்குக்கூடக் கிடைத்திருக்காது. அதைக் கவனித்துக்கொள்ள மெஹர் பானு என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்த கையோடு வந்தவள். தங்கமான பெண், அதை மறுக்க மாட்டேன். இரண்டு ஃபேக்டரி ஆட்களின் பேரையும் அவள்தான் ஏற்றினாள். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு வேலை. அந்த சாஃப்ட்வேரில் அதற்கு மேல் இடமில்லை.

ஏற்றி முடித்துப் பார்த்தால் கங்கையம்மாள் இரண்டு தடவை இருந்தாள். அதே புருஷன் பேர், அதே தெரு. காலையில் ஒரு ஃபேக்டரியைப் பெருக்குகிற மனுஷி மத்தியானம் இன்னொன்றில் உலை வைப்பாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றும்? நாம்தான் இரண்டு தரம் அடித்துவிட்டோம் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டாள். அழிந்தது கேன்டீன் கங்கையம்மாள்.

மறுநாள் மத்தியானம் சானடோரியம் கேட்டில் வாட்ச்மேன் அவளை நிறுத்தினான். "உன் பேரு கம்ப்யூட்டர் லிஸ்ட்டுல வர்லக்கா. பேரு இல்லாத ஆள உள்ள வுட்டா எனக்கு பேஜாராயிடும்."

"பேரு வர்லன்னா இன்னா? அதான் நானே வந்துகீறனே!"

அது போதாதாம். வந்த வேகத்திலேயே அடுத்த ரயிலைப் பிடித்துக் குரோம்பேட்டைக்குத் திரும்பினாள். செருப்பைக் கழற்றாமலே ஏ.சி. அறைக்குள் நுழைந்தாள்.

"இன்னா பாப்பா, நேத்து வரிக்கும் சோறாக்கிப் போட்டவ இன்னிக்கி இல்லாம பூட்டனா?"

மெஹர் பானு கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினாள். "அக்கா, ரெண்டும் நீங்களேவா?"

"பின்ன, எனக்கு ரெட்டையா பொறந்தவளா கீறா?"

மெஹர் பானு அவசர அவசரமாக ஒரே நம்பரில் இரண்டு வேலையையும் அடித்துப் பார்த்தாள். கேன்டீனை அடித்தால் பெருக்குகிற வேலை மறைந்தது. பெருக்குகிறதை அடித்தால் கேன்டீன் மறைந்தது. பின்னால் நின்ற கங்கையம்மாளுக்கோ கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. கடைசியில் மெஹர் பானு மேனேஜர் சுப்ரமணியனிடம் ஓடினாள்.

"மெஷினை விடும்மா. ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு ஃபேக்டரியில வேலை செய்யறது சட்டப்படி தப்பு. இத்தனை நாள் கண்ணுல படல, இப்ப பட்டுடுச்சு. ஏதாவது ஒண்ணை வெச்சுக்கச் சொல்லு" என்றார் அவர்.

மனுஷனை முதலாளி கசக்கிப் பிழியக் கூடாது என்று போட்ட சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தச் சட்டமா கடப்பேரிக்கு வந்து துளசிங்கத்துக்கு மருந்து வாங்கித் தரும்?

சாயங்காலம் மெஹர் பானு வீட்டுக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்தபோது, கங்கையம்மாள் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ரயில்கள் வந்தன, போயின. அவள் ஏறவில்லை.

மெஹர் பானு அவள் கூடவே நடந்தாள். "அக்கா, கேன்டீன் மாஸ்டர் பாட்சா அண்ணன்கிட்ட போன்ல பேசினேன். அவருக்கு நீங்கதான் வேணுமாம். வேற ஒரு பேர் சொல்லுங்க, ஏத்திடறேன். யார் கேக்கப் போறாங்க?"

அக்கா பேரில் தங்கையும், மாமியார் பேரில் மருமகளும் வேலைக்குப் போவது அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் புதிதில்லை. ஆனாலும் கங்கையம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வடிக்கிற சோத்துக்கு எவ பேரோ வெக்கணுமா? போ பாப்பா, வேலயப் பாரு!"

இன்னொரு நடை போய்த் திரும்பினாள். துளசிங்கத்தின் மருந்து நினைப்பு வந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"கிளியம்மாள்னு போடு."

"யாருக்கா அது?"

"என் தங்கச்சி. படப்பைல கட்டிக் குடுத்தோம். கட்டின வருசமே மஞ்சக்காமால வந்து செத்துப் பூட்டா."

மெஹர் பானு நின்றுவிட்டாள். "வேணாங்க்கா, வேற பேர்..."

"போடு பாப்பா. அவ வந்து சண்டைக்கி நிக்கமாட்டா."

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்: "செத்தவளுக்கு வேல குடுத்துகீறாங்கய்யா. உசுரோட கீறவளத்தான் வாணாம்னுட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்காமல் போய்ப் போய் அழுகையாகிவிட்டது. துளசிங்கம் படுத்த படுக்கையிலிருந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அடுத்த நாள் கேட்டில் வாட்ச்மேன் கிளியம்மாளை உள்ளே விட்டான். அதே ஆள்தான் என்று அவனுக்கும் தெரியும். கேன்டீனில் வழக்கம்போல் புகையும் இரைச்சலுமாக இருந்தது. கங்கையம்மாள் அண்டாவுக்குள் தலையைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு வந்த ஆபீஸ்காரர் காதில் விழட்டும் என்று பாட்சா உரக்கக் கூப்பிட்டார்.

"கிளியம்மா! ஏ, கிளியம்மா!"

கங்கையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எத்தனையோ வருஷமாக யாரும் கூப்பிடாத பேர். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. தங்கை எங்கே என்று வாசலைத்தான் பார்த்தாள்.