பக்காலியில் கடல் இருக்கும் நேரம்

போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பக்காலிக்குப் போனேன். கொல்கத்தாவிலிருந்து தெற்கே நூற்று முப்பது கிலோமீட்டர். அதற்கும் தெற்கே போக நிலம் கிடையாது. சுற்றிப் பார்க்கும் ஆசையில் போகவில்லை. ஒரு பக்கம் எழுதித் தரப் போனேன்.

சுதேஷ்ணா ஜாதவ்பூரில் என்னோடு எம்.ஏ. படித்தவள். பக்காலியில் அவள் அப்பா கட்டிய வீட்டில் இரண்டு அறைகளைச் சீர்செய்து, தங்க இடமும் காலை உணவும் என்று அக்டோபரில் தொடங்கியிருந்தாள். வீட்டில் பாதி அவள் அண்ணனுக்கு. அவர் பெங்களூரில் இருக்கிறார். "இந்தக் குளிர்காலம் மட்டும் நடத்திப் பார். சங்கராந்திக்கு நான் வரும்போது இரண்டு அறையும் நிரம்பியிருந்தால் தொடரு. இல்லாவிட்டால் விற்றுவிடலாம்" என்று சொல்லிவிட்டார். வங்காளிகளின் பௌஷ சங்கராந்தி நமக்குப் பொங்கல். அதற்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

சால்ட் லேக்கில் ஐ.டி. வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும், லேக் மார்க்கெட்டில் தோசை மாவு வாங்க வரும் எங்களைப் போன்ற பழைய குடும்பங்களையும் எப்படியாவது தன் வீட்டுக்கு இழுத்துவிடலாம் என்று சுதேஷ்ணா நம்பினாள். அதற்காகத் தன் வலைத்தளத்தில் 'அருகில் பார்க்க வேண்டியவை, பருவந்தோறும் நடப்பவை' என்ற பக்கத்தைத் தமிழிலும் போட நினைத்தாள். ஆங்கிலத்தில் ஆறு வரி அனுப்பி, மொழிபெயர்க்கச் சொன்னாள். கடல், ஐந்து நிமிட நடை. சிவப்பு நண்டுகள். ஒரே கரையில் சூரிய உதயமும் அஸ்தமனமும். மீன்பிடித் துறைமுகம். பனிக்காலத்தில் ஈச்சமரத்தில் இறக்கும் பதநீர். கிராமத்தில் வனதேவதைத் திருவிழா.

"நான் பார்க்காததை எழுத மாட்டேன்" என்றேன்.

"அதனாலதானே வரச் சொல்றேன்" என்றாள். எங்கள் பேச்சு வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

லேக் கார்டன்ஸில் என் வீட்டிலிருந்து ஜாதவ்பூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ. அங்கே காலை 7.35க்கு நாம்கானா லோக்கல். டிக்கெட் 25 ரூபாய். பாருய்பூர் தாண்டியதும் கூட்டம் குறைந்து ஜன்னலோரம் கிடைத்தது. நாம்கானாவில் 10.05. அங்கிருந்து பக்காலி 26 கிலோமீட்டர்; பஸ்ஸில் 35 ரூபாய், ஐம்பது நிமிடம். முன்பெல்லாம் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். இப்போது பாலம் வந்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் 40 ரூபாய். ஓட்டியவர் பெயர் நிமாய். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை 'தீதி', அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பையை வைத்ததும் முதல் வரியைச் சோதிக்கக் கிளம்பினேன். வீட்டு வாசலிலிருந்து சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடல்வரை நடந்தேன். 11.40க்கு அலை என் செருப்பைத் தொட்டபோது 430 அடிகள் எண்ணியிருந்தேன். ஐந்து நிமிடம் சரி. நண்டும் சரி, ஆனால் ஒரு திருத்தத்தோடு: காலைக் குளிரில் அவை வளையை விட்டு வெளியே வராதாம். ஒரு மணி வெயிலுக்கு மணல்மேடு முழுக்கச் சிவப்பாகப் பரவிக் கிடந்தன. நான் ஓர் அடி வைத்ததும் எல்லாம் மறைந்தன. இருக்கின்றன என்று எழுதுவதா, பக்கத்தில் போனால் இருக்காது என்று எழுதுவதா?

மதியம் சோறு, பருப்பு, கத்தரிக்காய் வறுவல். நான் சைவம். சுதேஷ்ணாவுக்கு இது இருபத்தைந்து வருட வருத்தம். சாப்பிட்டுச் சற்றுத் தூங்கினேன். 3.40க்கு அஸ்தமனம் பார்க்கத் தோப்பைத் தாண்டினால், கடலைக் காணோம்.

வழி தவறிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் போய் வாசலிலிருந்து மறுபடி வந்தேன். அதே தோப்பு, அதே டீக்கடை, அதே கவிழ்த்து வைத்த படகு. எதிரே ஈரமான சாம்பல் நிறத் தரை, கண்ணுக்கெட்டிய வரை. கடைசியில் வெள்ளிக் கம்பி போல ஏதோ மின்னியது. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தாலும் கடல் என்றால் எனக்குப் பள்ளி விடுமுறையில் பார்த்த மெரினாதான். பூரியிலும் கடல் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஓத ஏற்றம், வற்றம் என்பதெல்லாம் படித்த சொற்கள். ஒரு கடல் மொத்தமும் எழுந்து போகும் என்று எந்தச் சொல்லும் எனக்குச் சொன்னதில்லை.

கரையில் என்னைப் போலவே இரண்டு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மணிக்கு வந்து இரண்டாவது அறையில் இறங்கியவர்கள். மகள் முத்துச்செல்வி சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. அவளைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா பேச்சிமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தே தமிழ் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஏம்மா, கடல் எங்கம்மா? நெட்டுல போட்ட படத்துல அலை சவுக்குமரத்துல வந்து அடிக்கி. இங்க பாத்தா பொட்டக்காடால்லா கெடக்கு."

"ஆன்ட்டி, நீங்கதான் ஓனரா?" என்றாள் மகள்.

"இல்லை, ஓனருடைய தோழி."

"அப்ப அவங்ககிட்ட சொல்லிருங்க, ஒரு ஸ்டார்தான் போடப் போறேன். பழைய ஃபோட்டோவைப் போட்டு ஏமாத்தியிருக்காங்க."

காலையில் இங்கே கடல் இருந்தது, என் செருப்பு இன்னும் ஈரம் என்றேன். சொல்லும்போதே எனக்கே பொய் போலத் தோன்றியது.

"முப்பத்தோரு வருசம் ஹார்பர்ல இருந்திருக்கேன்மா. கடல் ஏறும், எறங்கும், எனக்குத் தெரியாதா? ஒரு மொழம் ஏறும், ஒரு மொழம் எறங்கும். இப்படி வீட்டக் காலி பண்ணிட்டா போவும்?" என்றார் பேச்சிமுத்து. "வாங்க, நடந்து பாத்துருவோம்."

முத்துச்செல்விக்கு ஆபீஸ் மீட்டிங். கரையிலேயே நின்றுகொண்டாள். நாங்கள் இருவரும் நடந்தோம். நடுவில் ஓர் ஓடை, பத்தடி அகலம், கணுக்கால் நீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினோம். வாசலிலிருந்து 1,460வது அடியில் கடல் கிடைத்தது. அலையே இல்லாமல், குளம் போல. அவர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு கம்மி. ஆத்துத்தண்ணி கலந்திருக்கு" என்று தீர்ப்பு சொன்னார். பிறகு ஏனோ கோபம் தணிந்து, கைகட்டி நின்று பார்த்தார். 4.55க்குச் சூரியன் நீரில் இறங்கியது. மூன்றாவது வரியில் பாதி சரி என்று குறித்துக்கொண்டேன்.

அப்போது கரையில் யாரோ சிவப்புத் துண்டை வீசுவது தெரிந்தது. டோட்டோ நிமாய். நானும் கையை ஆட்டினேன்.

"நல்ல மனுசன். இன்னிக்குப் பாத்தவங்களுக்கு எப்படிக் கை காட்டுதாரு பாருங்க" என்றார் பேச்சிமுத்து. அவரும் இரண்டு கையையும் ஆட்டினார்.

நிமாய் வீசுவதை நிறுத்தவில்லை. எங்களை நோக்கி ஓடி வந்தார். அதன் பிறகுதான் ஓடையைப் பார்த்தேன். அது நாற்பதடிக்கு விரிந்திருந்தது. நீர் கடலை நோக்கிப் போகவில்லை, பக்கவாட்டிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் முன்னால் கடல் பத்தடிகூட நகரவில்லை. பின்னால்தான் வந்திருந்தது. ஓடைவரை ஓடினோம்.

"தீதி, ஹாத் தோரோ!" கையைப் பிடி என்று கத்திக்கொண்டே நிமாய் இறங்கினார். அவருக்கு இடுப்பளவு. ஒரு கையில் என்னையும் மறு கையில் பேச்சிமுத்துவையும் பிடித்துக் குறுக்காக இழுத்துப் போனார். காலடியில் மண் நழுவியது. கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டேன். என் செருப்பு போயிற்று. எத்தனை அடி என்று எண்ணவில்லை.

கரையில் முத்துச்செல்வி அழுதுகொண்டே அப்பாவின் முதுகில் அறைந்தாள். "கிரேன் ஓட்டினாராம் கிரேன்! தரையில நின்னு ஒரு நாளாவது கடலப் பாத்திருக்கீங்களா?"

அவர் சட்டையைப் பிழிந்தபடி நிமாயிடம், "தம்பி, பொறத்தால வருமா? பொறத்தாலயா வரும்?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். நிமாய் அதற்கு வங்காளத்தில் சரியான பதிலைச் சொன்னார். இன்று பௌர்ணமி, சித்தப்பா. நீர் முதலில் ஓடையை நிரப்பும், அப்புறம்தான் மணலுக்கு ஏறும். இது எல்லாருக்கும் தெரியுமே.

வீட்டுக்கு வந்ததும் சுதேஷ்ணாவும் அதையேதான் சொன்னாள். "எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன், ஜயா."

"எங்களுக்குத் தெரியாது. இதைத்தான் முதல் வரியா எழுதணும்."

"எழுதினா யார் வருவா? கடலோர வீடுன்னு சொல்லிட்டு, பாதி நாள் கடல் இல்லை, வந்தா முங்கிடுவீங்கன்னு போடவா? அண்ணன் சங்கராந்திக்கு வரார். அன்னிக்கு ஒரு அறைக்குக்கூட இன்னும் ஆள் இல்லை."

"போடலைன்னா நான் எழுதலை."

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்றாள். டீக்கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள். அப்போதும் என்னைத் தவிர எல்லாரிடமும் பேசினாள்.

சனிக்கிழமை மீதி வரிகளைச் சோதித்தேன். காலை 6.15க்குச் சூரியன் அதே கரையில், கடலிலிருந்து எழுந்தது. அந்த வரி முழுக்க உண்மை, ஆனால் குளிர்காலத்தில் மட்டும். ஈச்சம் பதநீர் கிடைக்கவில்லை. முந்தின இரவு மேகம் போட்டிருந்ததாம்; ருசி கெட்டுவிடும் என்று இறக்குபவர் பானையே கட்டவில்லை. துறைமுகம் நான்கு கிலோமீட்டர், டோட்டோவில் போய்வர 150 ரூபாய். கருவாடு காயும் மைதானத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். திருவிழா எப்போது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று தேதி சொன்னார்கள். நான்காவதாகக் கேட்ட பெண், "கமிட்டி இன்னும் கூடலையே" என்றாள். அதுதான் சரியான பதிலாக இருக்கும்.

திரும்பி வந்தபோது பேச்சிமுத்து தோப்பின் விளிம்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணியிலிருந்து அங்கேதானாம். மணலில் வரிசையாகக் குச்சி நட்டிருந்தார்.

"அஞ்சு குச்சி முங்கிட்டு. ஆறாவது முங்க எட்டு நிமிசம் ஆவும்" என்றார். 10.45க்கு அலை சவுக்கு வேரில் அடித்தது. இணையத்தில் போட்ட படம் அப்படியே கண்முன். மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஊருக்குப் போ. நான் ரெண்டு நாள் கழிச்சு வாரேன். சாப்பாடு மட்டும் அந்தம்மாட்ட சொல்லிட்டுப் போ."

முத்துச்செல்வி அன்று மதியம் மூன்று ஸ்டார் போட்டாள். ஆங்கிலத்தில் நான்கே வாக்கியம். 'கடல் பாதி நேரம் இல்லை. திரும்பி வரும்போது ஆபத்து. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என் அப்பா கிளம்ப மறுக்கிறார்.'

சுதேஷ்ணா அதை என்னிடம் நீட்டினாள். முந்தைய மாலைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: "இது நல்லதா, கெட்டதா?"

"எனக்கும் தெரியலை" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ரயிலில் போங்கள், பதினொன்றரைக்குள் சேர்ந்துவிடலாம். அறை காலை உணவோடு 1,800 ரூபாய். ஏ.டி.எம்.மை நம்பாமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் காலை பத்து மணிவாக்கில் கடல் கரைக்கு வரும், மாலை நாலு மணிக்கு வெகுதூரம் போய்விடும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இது நான் புரிந்துகொண்ட அளவு, தவறாக இருக்கலாம். ஆகவே கரைக்குப் போகுமுன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் நேரம் கேளுங்கள். உள்ளூர் ஆள் கூட வராமல் ஓடையைத் தாண்டவே வேண்டாம். கரையிலிருந்து யாராவது துண்டை வீசினால், பதிலுக்குக் கை ஆட்டாதீர்கள். திரும்பி நடங்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். சுதேஷ்ணா பக்கத்தை வெளியிட்டபோது எச்சரிக்கை கடைசி வரியாகிப் போயிருந்தது. மேலே கொண்டு வரச் சொன்னேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் அது முதல் வரியாகியிருந்தது, வங்காளத்திலும் ஆங்கிலத்திலும்கூட. இடையில் ஹவுராவிலிருந்து சங்கராந்திக்குப் பதிவு செய்திருந்த ஒரு குடும்பம், அந்த வாரமே, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று ரத்து செய்தது. அந்தச் செய்தியைச் சுதேஷ்ணா எனக்கு அனுப்பினாள். நான் செய்தது சரிதான். ஆனால் அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

பேச்சிமுத்து பொங்கலுக்கு மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடி வருகிறாராம்; ஓர் அறை அவருக்கு. சுதேஷ்ணாவின் அண்ணன் வந்து இறங்க ஒன்பது நாள் இருக்கிறது. இதை எழுதும்போது இன்னோர் அறை காலியாகத்தான் இருக்கிறது.