மகன் பார்க்காத ஊர்

என் மகன் செக் நாட்டில் ஒரு சின்னக் கிராமத்தில் தங்கி, பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கணவர் இறந்தபின் மலேசியாவில், எங்கள் கிளேபாங் வீட்டில் நான் தனியாள். மகன் அழைப்பதும் குறைந்துவிட்டது. என்னை மறந்துவிட்டான் என்று மனம் கசந்திருந்தேன்.

அந்த ஏக்கத்தில், அவன் கொடுத்திருந்த முகவரியை வைத்துக் கைப்பேசியில் அந்த ஊரின் வரைபடத்தையும் வரலாற்றையும் தேடித் தேடிப் பார்ப்பேன். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஓடை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மன்காரர்களை வெளியேற்றி, காலி வீடுகளில் வேறு மக்களைக் குடியேற்றினார்களாம். போனவர்களின் பெயர்கள் தேவாலயக் கல்லறைகளில் மட்டும் இருக்கின்றன.

ஒரு ஞாயிறு மாலை அவன் அழைத்தபோது, "அந்தக் கல்லறைங்களப் பார்த்தியா தம்பி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எந்தக் கல்லறை? இங்க சர்ச் இருக்கா?" என்றான்.

"இத்தன மாசமா அங்க என்னதான்டா பண்றே?"

"வேலைக்குப் போறேன், ரூமுக்கு வந்து படுத்துக்கிறேன் லா. பேச யாருமில்லம்மா. உங்ககிட்ட பேசுனா அழுதுடுவேன்னுதான் கூப்பிடுறதில்ல."

"ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வெளிய வா," என்றேன். "இடது பக்கம் திரும்பு. பாலத்தத் தாண்டு."

அங்கே நடுப்பகல். கைப்பேசியைக் காதில் வைத்தபடி நடந்தான். எதிரே நாயோடு வந்த ஒரு பெரியவர் ஏதோ சொல்வது எனக்கும் கேட்டது.

"என்னப்பா சொன்னாரு?"

"அவங்க பாஷையில வணக்கம்னு சொன்னாரும்மா." அவன் குரல் உடைந்தது. "நானும் சொன்னேன்."

அதுவரை என் தனிமையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதும் எங்கள் இருவர் வீட்டிலும் வேறு ஆளில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து நடக்கிறோம்.